முன்கையில் ஒரு பழைய முறிவு

இடது பக்கத்து விலா ஏழாவதா எட்டாவதா என்ற சந்தேகம் மூன்றாம் முறையாக வந்துவிட்டது, முதலிலிருந்து எண்ணு காந்திமதி, ஒன்று, இரண்டு, மூன்று, சின்னப் பிள்ளையின் விலா என்பது வளைந்த ஈர்க்குச்சி, அவ்வளவுதான், மூச்சுப் பட்டாலே மேஜைத் துணியில் புரண்டுகொள்கிறது, நான்கு, ஐந்து, ஆறு, இதோ ஏழு. ஏழுதான். முதுகெலும்போடு சேருமிடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிச் சின்னதாக ஒரு முடிச்சு. உடைந்து, ஆறி, எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொண்ட முடிச்சு. எட்டிலும் இருக்கிறது. ஒன்பதில் இருப்பது இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது, அது பிந்தி உடைந்தது. ஒரே நாளில் விழுந்து வந்ததில்லை இது. விழுந்தால் விலா இந்த இடத்தில் உடையாது. இரண்டு கைகளால் பிள்ளையின் நெஞ்சுக்கூட்டைப் பிடித்து இறுக்கிக் குலுக்கினால் இந்த இடத்தில் உடையும். பென்சிலால் எழுதுகிறேன்: அடக்கம் எண் இருபத்தேழு, வயது மூன்று, பல்லை வைத்துச் சொல்வது, ஆணா பெண்ணா தெரியாது, இந்த வயதில் எலும்பு அதைச் சொல்லாது. ரோமாபுரிக்காரர்கள் எகிப்தை ஆண்ட காலம். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாலைவனச் சோலையில் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போன பிள்ளை. அம்மா உயிரோடிருந்தபோது தென்காசியில் அக்கம்பக்கத்தில் சொல்வாள், மூத்தவ டாக்டருதான், ஆனா செத்தவங்களுக்கு. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். இன்று வெள்ளிக்கிழமை, அகழாய்வுக் குழுவில் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள், மண் செங்கல் வீட்டில் நானும் ஸஃபாவும் மட்டும். ஸஃபா எகிப்துக்காரி, அஸ்யூத் ஊர், விலங்கு எலும்பு பார்க்கிறவள், எதிர் மேஜையில் பதப்படுத்தித் துணி சுற்றிய பூனைப் பொட்டலங்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஏதோ முனகிப் பாடுகிறாள். ஜன்னல் திட்டில் என் போன் குப்புறக் கிடக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் பிடிக்கும் ஒரே இடம் அதுதான், அதுவும் நினைத்தால் பிடிக்கும். பதினோரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. பார்த்தேன், குப்புறப் போட்டேன், விலா எண்ண வந்துவிட்டேன். ஒன்று, இரண்டு.

செய்தி தங்கச்சி உலகம்மையிடமிருந்து. எக்கா, பாப்பா படியில வழுக்கி விழுந்துட்டா, மாவுக்கட்டு போட்டிருக்கு, எத்தனை நாள்ல பிரிப்பாங்க, உனக்குத்தான் எலும்பு தெரியுமே, படம் பாரு. கூடவே எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ. உலகம்மையின் மகள் தாரிகாவின் வலது கை. நாலு வயசுக் கை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பு லேசாகப் புடைத்து நெளிந்திருக்கிறது, விழுகிற பிள்ளை கையை ஊன்றினால் நெளிகிற இடம், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு நெளிந்திருக்கும், மூன்று வாரம், போதும். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கண் நிறுத்தாது, என் கண்ணுக்குச் சம்பளமே நிறுத்தாமல் இருப்பதற்குத்தான். முன்கையில் இரண்டு எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் நட்டநடுவில் ஒரு தடிப்பு. மாவை உருட்டி ஒட்டியதுபோல ஒரு பக்கம் கூடுதலாக. பழைய முறிவு. மூன்று மாதம், போனால் நாலு மாதம். ஓங்கி வருகிற எதையாவது தடுக்க முன்கையைத் தூக்கினால் அடி படுகிற இடம். தாரிகாவுக்கு இதற்கு முன்னால் கை உடைந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. போட்டோவின் நிழலாக இருக்கலாம். ஃபிலிமில் கறையாக இருக்கலாம். ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்திருந்த பெருவிரல் தெரிந்தது, அகலமான நகம், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு, அது உலகுவின் விரல் இல்லை, அவனுடையது, அவள் புருஷன் செந்தூர்பாண்டியுடையது. அவன் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்க இவள் போட்டோ எடுத்திருக்கிறாள். இல்லை, அவன் பக்கத்தில் நின்று இவளை எடுக்க வைத்திருக்கிறான். இல்லை, இவள் வேண்டுமென்றே எனக்கு அனுப்பியிருக்கிறாள், கட்டு பிரிக்கிற நாளை டாக்டரிடம் கேட்கத் தெரியாதா இவளுக்கு, அவன் பக்கத்தில் இருக்கும்போதே, அவனுக்குத் தெரியாமலே, எக்கா நீயே பாரு என்று. பாரு என்றுதான் எழுதியிருக்கிறாள். படம் பாரு. படியில. படியில.

நிதானம் வேண்டும். ஒருமுறை தப்பாகச் சந்தேகப்பட்டவள் நான். புனேயில் கூட வேலை பார்த்த கல்பகத்தின் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே இருந்த புடைப்பைப் பார்த்துவிட்டு, இது நல்லதுக்கு இல்லை, உடனே பாருங்கள் என்று சொல்லி, அந்த வீடே பத்து நாள் சோறு தின்னவில்லை, கடைசியில் அவர் இருபது வயதில் பந்து விளையாடி வாங்கிய புடைப்பு. கல்பகம் அதற்கப்புறம் என்னோடு பேசும்போது ஒரு அடி தள்ளி நிற்பாள். ஆனால் இது அப்படி இல்லை. ஆறு நாளாக இருபத்தேழாம் எண் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறதால் எல்லாப் பிள்ளையிலும் அதையே பார்க்கிறேனா, இருக்கும், இருக்கலாம், ஆனாலும் அந்தத் தடிப்பு தடிப்புதான். செந்தூர்பாண்டியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை, அதுவும் உண்மை, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். எடுத்து வைக்க முடியவில்லை. மோட்டார் கடைக்காரன், கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் மோட்டார் விற்று ரிப்பேர் பார்க்கிறவன், பேசினால் தெருமுனைக்குக் கேட்கிற குரல். தாரிகாவுக்குக் காது குத்தின அன்றைக்கு மண்டபத்தில் பந்தி பாதியில் சாதம் தீர்ந்துவிட்டதென்று சாம்பார் வாளியைத் தூக்கிச் சமையல்காரர் காலடியில் எறிந்தான். மஞ்சள் குழம்பு தெறித்து என் பட்டுப்புடவை ஓரம் நனைந்தது. நான் உலகுவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் பயப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பழகின முகம் என்று. அன்றிலிருந்து அவனும் நானும் வருஷத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுவோம், நல்லாருக்கீயளா மதினி, நல்லாருக்கேன். வாளியைத் தூக்கின கை, கை ஓங்கின உயரம், அதற்குக் கீழே நாலு வயசுப் பிள்ளை நின்றால் முன்கை எங்கே வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதே சந்தேகமாக இருக்கிறது, பொருந்த வேண்டுமென்று நினைத்தால் எதுதான் பொருந்தாது.

ஸஃபா பாட்டை நிறுத்திவிட்டு, "இங்கே பார், இன்னொரு மோசடி" என்கிறாள். நாங்கள் பேசுவது இங்கிலீஷும் அவளுடைய அரபியும் என் பாதி அரபியும் கலந்த ஒன்று. பூனைப் பொட்டலத்தைக் காட்டுகிறாள், கோயிலுக்கு நேர்ந்துவிட அந்தக் காலத்து மக்கள் வாங்கிக் கொடுத்தது, துணியைக் கட்டம் கட்டமாகப் பின்னிச் சுற்றி, காது வைத்து, கண் எழுதி, அவ்வளவு அழகு. அதற்கு எடுத்த எக்ஸ்ரேயை மடிக்கணினியில் காட்டுகிறாள். உள்ளே பூனை இல்லை. ஒரு கால் எலும்பு, கொஞ்சம் நாணல், மண். பக்கத்தில் இருந்த இன்னொன்றில் முழுப் பூனைக்குட்டி இருக்கிறது, கழுத்து திருகியிருக்கிறது. "எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை, உள்ளே ஒன்றுமில்லாததா, இருக்கிறதா" என்கிறாள். பிறகு என் மேஜைக்கு வந்து விலா வரிசையைப் பார்க்கிறாள். "உன் பிள்ளையை அடித்தது யார்?" கேட்கிற விதம் சாதாரணமாக இருந்தது, நேற்றும் இதைத்தான் கேட்டாள், ஆனால் உன் பிள்ளை என்ற சொல் எனக்குள் போய் எங்கோ இடித்தது. "அது எலும்பில் இருக்காது" என்றேன். "அப்பனாக இருக்கும். அப்பன்தான் அடிப்பான்" என்றாள். "துணியைப் பார்த்தாயா, எத்தனை சுற்று. தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். அது அம்மா." துணியை அவிழ்த்தவள் நான். கையை உடம்போடு ஒட்டி வைத்து, விரலைக்கூட நேராக்கி, தோளிலிருந்து பாதம்வரை ஒரு மடிப்பு இல்லாமல் சுற்றியிருந்தது. அடித்த கை ஒன்று, சுற்றின கை ஒன்று என்று ஸஃபா எத்தனை சுலபமாகப் பிரித்துவிட்டாள். நானும் ஆறு நாளாக அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். ஏன் இரண்டும் ஒரே கையாக இருக்கக்கூடாது.

போனை எடுக்கிறேன். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதற்கு அல்ல, பழைய போட்டோக்களைப் பார்ப்பதற்கு. நாலு மாதம் என்றால் அக்டோபர். அக்டோபர் முழுக்க உலகு வீடியோவில் வரவில்லை, கேமரா ரிப்பேர் என்றாள், அப்படியா என்றேன், என்ன ரிப்பேர் என்று கேட்டேனா, கேட்கவில்லை. தீபாவளிக்கு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். தாரிகா மஞ்சள் பாவாடை, மேலே கை முழுக்க மூடின சட்டை. தென்காசி அக்டோபரில் முழுக்கைச் சட்டை. இடது கையில் மத்தாப்பு, வலது கை பாவாடை மடிப்புக்குள். இதற்கு நான் என்ன பதில் அனுப்பியிருக்கிறேன், மூன்று மஞ்சள் இதயம். அதற்கு மேலே தள்ளினால் அக்டோபர் ஆரம்பம். இந்தச் செய்தி அழிக்கப்பட்டது. அதற்குக் கீழே இன்னொன்று, இந்தச் செய்தி அழிக்கப்பட்டது. மத்தியானம் இரண்டு பத்து, இரண்டு பன்னிரண்டு. அப்புறம் மூன்று மணிக்கு, எக்கா சாப்பிட்டியா. நான் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். எதை அழித்தாய், ஏன் அழித்தாய் என்று கேட்காமல் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நான் அன்றைக்கு விசாவுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று இருந்தது. கேட்காமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. அம்மா தோசைக்கரண்டியை எடுத்தால் அது எனக்கு இல்லை, எப்போதும் உலகுவுக்கு, பால் கொட்டினால் உலகு, ஸ்லேட்டு உடைந்தால் உலகு, மழை பெய்தால்கூட உலகு. எனக்குப் பதினாலு வயசு, அவளுக்கு ஏழு. நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுவிட்டு வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாளி நிறைந்து வழியும். வெளியே வரும்போது அம்மா உலகுவை மடியில் போட்டுக்கொண்டு முதுகில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள், அழுதுகொண்டே தேய்ப்பாள், எம் புள்ள எம் புள்ள என்று. அந்த நேரத்தில் அந்த வீட்டில் அம்மாவைவிடப் பாசமானவள் யாருமில்லை என்று தோன்றும். சரி, அம்மாவை ஏன் இப்போது நினைக்கிறேன், அம்மா செத்து இரண்டு வருஷமாயிற்று, நான் யோசிக்க வேண்டியது செந்தூர்பாண்டியை. வாளி. வாளியைத் தூக்கின கை.

மணி பன்னிரண்டேகால். ஊரில் மூன்றே முக்கால். மொட்டைமாடியின் வடக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பேச்சு அறுபடாமல் கேட்கும், எல்லோரும் அங்கே நின்றுதான் வீட்டுக்குப் பேசுவார்கள், அங்கே மண்ணில் எல்லோருடைய செருப்புத் தடமும் வட்டமாகக் கிடக்கும். ஏறிப் போகிறேன். பிப்ரவரி வெயில், உறைக்கவில்லை, ஆனால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. என்ன கேட்பது. அவன் அடிக்கிறானா என்று கேட்டால் இல்லை என்பாள். அவன் பக்கத்தில் இருந்தால் இல்லை என்று சத்தமாகச் சொல்வாள். ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லுகிற மாதிரிக் கேட்க வேண்டும். கட்டு பிரிக்கிறதைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எக்கா, படம் பாத்தியா?"

"பாத்தேன். மூணு வாரம் போதும்ட்டி. பாப்பா எங்க?"

"தூங்குதா. மருந்து குடுத்தேன், தூங்கிட்டா."

"எப்படி விழுந்தா?"

"அதான் சொன்னேனே, ஊஞ்சல்ல இருந்து."

"படின்னு எழுதியிருந்தியே."

"ஊஞ்சல் படிக்குப் பக்கத்துலதான கிடக்கு" என்றாள்.

"உலகு, அந்தக் கை இதுக்கு முன்னாடி எப்பவாவது உடைஞ்சிருக்கா?"

"யாரு சொன்னா?" உடனே வந்தது, நான் முடிப்பதற்குள் வந்தது. "அவரு சொன்னாராக்கும்?"

"யாரும் சொல்லல. படத்துல தெரியுது."

"படத்துலயா?" குரல் ஏழு வயசுக் குரலாகிவிட்டது. "அதெல்லாம் தெரியுமாக்கா?"

போன் அறுந்துவிட்டது. சிக்னலா, அவளா. திரையில் கோடு நாலும் நிற்கிறது. அப்படியென்றால் அவள். இல்லை, அங்கே சிக்னல் போயிருக்கலாம். அவன் வந்து பிடுங்கியிருக்கலாம். இப்படி மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடக்கிறேன், மற்றவர்கள் செருப்புத் தடத்தின்மேலேயே நடக்கிறேன், அப்போது அந்த வாக்கியம் திரும்பி வந்தது. அவரு சொன்னாராக்கும். அவன் உடைத்திருந்தால் அவன் எதற்கு என்னிடம் சொல்லப்போகிறான். உடைத்தவன் சொல்லிவிட்டானோ என்று யாரும் பயப்படமாட்டார்கள். பார்த்தவன் சொல்லிவிட்டானோ என்றுதான் பயப்படுவார்கள். தொட்டியின் தகரம் காலையிலிருந்து வெயிலை வாங்கிச் சூடாக இருந்தது, நான் அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், சுட்ட பிறகுதான் தெரிந்தது. சாம்பார் வாளி பறந்தபோது பயப்படாத அந்த முகம். பழகின முகம் இல்லை அது. கோபம் என்பது இவ்வளவுதானா, சத்தமும் குழம்பும்தானா என்று பார்க்கிற முகம். வேறொரு கோபத்தை உள்ளே வைத்திருக்கிறவள் முகம். இதுவும் நான் இப்போது பொருத்துகிறதுதான். நம்பாதே காந்திமதி, உன்னையும் நம்பாதே. கேள். இன்றைக்காவது கேள்.

செந்தூர்பாண்டியின் நம்பர் என்னிடம் தங்கச்சி மாப்பிள்ளை என்றுகூட இல்லை, மோட்டார் கடை என்று இருந்தது. ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு எடுத்தான், பின்னால் கிரைண்டர் இரும்பு அறுக்கும் சத்தம்.

"மதினி? நல்லாருக்கீயளா? எகிப்துல இருந்தா பேசுதீய? இருங்க, வெளிய வாரேன்."

சத்தம் குறைந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"பாப்பா கையில பழைய முறிவு ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவன் மூச்சு விடுகிறது கேட்டது. பிறகு, அந்தத் தெருமுனைக் குரல் இல்லாமல், பைய, "மதினி, நீங்க கேக்கீயளா, இல்ல நான்தான்னு முடிவு பண்ணிட்டுக் கேக்கீயளா?"

"காலையில இருந்து முடிவு பண்ணித்தான் வச்சிருந்தேன். இப்ப இல்ல. இப்ப கேக்கேன்."

"ஆயுதபூசைக்கு முந்தின நாளு. கடையைக் கழுவி விட்டுட்டு வீட்டுக்குப் போறேன், பிள்ள கை வீங்கிக் கிடக்கு. இவ மூலையில உக்காந்து தன் கையையே பாத்துக்கிட்டு இருக்கா. என்ன நடந்துச்சுன்னு கேட்டா பேச்சே இல்ல. அப்புறம் பிள்ளைய மடியில போட்டு எண்ணெய் தேய்க்கா, அழுதா, தேய்க்கா. ஆசுபத்திரிக்குப் போனா ஏன் எப்படின்னு கேப்பாவன்னு நாட்டு வைத்தியர்கிட்டக் கொண்டுபோயி கட்டு போட்டேன். அது என் தப்பு."

"ஒரு தடவைதானா?"

"எலும்பு ஒரு தடவ. மத்ததுக்குக் கணக்கு இல்ல. மத்தியானம் சோறு திங்க வீட்டுக்கு வாறேன்லா, பசிச்சா வாறேன்? எதுவும் ஆகியிருமோன்னு வாறேன். நேத்து வர முடியல. பாவூர்சத்திரத்துல ஒரு போர்வெல் வேல. சாயங்காலம் போனா பிள்ள மணிக்கட்டு இப்படி. படிங்கா. பிள்ளையக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கு. நிசமாவே விழுந்தாளோ என்னவோ, எனக்குத் தெரியல மதினி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சிரித்தான் என்று நினைக்கிறேன், அல்லது இருமினான். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீயளா? நீங்க என்னைய எப்படிப் பாப்பீயன்னு எனக்குத் தெரியாதா? பொண்டாட்டி மேல பழி போடுதான்னுதான் நெனைப்பீய. இன்னைக்கு அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொன்னதே நான்தான். கட்டு எப்ப பிரிக்கன்னு உங்க அக்காவக் கேளுன்னேன். நீங்க கண்டுபிடிச்சிருவீயன்னு. எலும்பு சொன்னா நம்புவீயள்லா."

தகரத்தில் வைத்த கை எரிகிறது. எனக்கு இவன்மேல் கோபம் வருகிறது, நாலு மாதம் மூடி மறைத்திருக்கிறான், சோற்று நேரத்துக்கு வந்து காவல் காத்தால் போதும் என்று இருந்திருக்கிறான், மற்ற நேரம் பிள்ளை என்ன ஆகும் என்று நினைக்காமல். அந்தக் கோபத்தில் எத்தனை பங்கு எனக்கே உரியது என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சொன்னேன், கடையை அடையுங்கள், இப்பவே வீட்டுக்குப் போங்கள், அவளிடம் கத்தாதீர்கள், ஒரு வார்த்தை கத்தக்கூடாது, பிள்ளையை எடுத்துக்கொண்டு கட்டு போட்ட டாக்டரிடம் போய் அக்டோபரில் நடந்ததையும் நேற்று நடந்ததையும் உள்ளபடி சொல்லுங்கள். எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேஸ் என்று வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு பிள்ளை உங்கள் அக்கா வீட்டில் இருக்கட்டும். உலகுவுக்கும் வைத்தியம் வேண்டும், அவளை நான் வந்து கூட்டிப் போகிறேன். அவன் ஒவ்வொன்றுக்கும் சரி மதினி, சரி மதினி என்றான். "வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" "இருவது நிமிசம். ரயில்வே கேட்டு அடைச்சிருந்தா இன்னும் கூட ஆகும்." வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

இருபது நிமிஷம். அந்த வீட்டில் ஒரு பிள்ளை தூங்குகிறது, பக்கத்தில் நான் வாயைக் கொடுத்துக் கலக்கிவிட்ட ஒருத்தி இருக்கிறாள். என்ன காரியம் செய்துவிட்டேன். படத்தில் தெரிகிறது என்று சொல்லிவிட்டு விட்டிருக்கிறேன். சொன்னது பிள்ளைதான் என்று அவள் நினைத்துவிட்டால். எழுப்பிவிட்டால். மறுபடி கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. மறுபடி. மணி போய்க்கொண்டே இருக்கிறது, நான் எண்ணுகிறேன், ஐந்து, ஆறு, மோட்டார் சைக்கிள் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும், ஏழு. அவள் எடுத்தாள்.

"உலகு. பாப்பா எங்க?"

"தூங்குதாக்கா. சொன்னேன்ல."

"நீ எங்க இருக்க?"

"கட்டில்ல."

"எந்திரிச்சு வாசலுக்கு வா. வாசப்படியில வந்து உக்காரு. போனை வைக்காத. கதவ சாத்திட்டு வா, பாப்பா தூங்கட்டும்."

ஏன் என்று கேட்கவில்லை. கொலுசு சத்தம், தாழ்ப்பாள், பிறகு தெருவின் சத்தம், யாரோ தேங்காய் உரிக்கிறார்கள், ஒரு காகம். உட்கார்ந்துவிட்டேன் என்றாள். என் போனில் பதினோரு சதவீதம் இருந்தது. எதைப் பேசியாவது ஓட்ட வேண்டும் என்று இருந்தேன், ஒட்டகச் சவாரி, மணல், குளிர், ஆனால் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். எக்கா, அது எப்படி வருதுன்னு எனக்குத் தெரியல. சோத்தத் துப்புவா. சட்டைய மாத்தவிட மாட்டா. சின்ன விஷயம்தான். கண்ணு முன்னால வெள்ளையா ஒண்ணு வரும். அது போன பிறகு பாத்தா பிள்ள அழுதுக்கிட்டு இருப்பா. நான் அம்மா மாதிரி ஆயிட்டேன்னு உனக்கு ரெண்டு தடவ எழுதினேன். ரெண்டு தடவயும் அழிச்சிட்டேன். "ஏட்டி, அழிச்சது தெரிஞ்சுது" என்றேன். "நான் கேக்கல." "நீ கேக்க மாட்ட" என்றாள், குறையாகச் சொல்லவில்லை, ஊரறிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "அம்மா என்னைய அடிக்கையில உனக்குத் தெரியும்லாக்கா?" தெரியும் என்றேன். "ஒரு தடவ நீ வந்து கையப் பிடிச்சிருந்தா அம்மா நிறுத்தியிருப்பாளோ?" இதற்கு என்ன சொல்ல, நிறுத்தியிருப்பாள் என்றும் சொல்ல முடியாது, மாட்டாள் என்றும் சொல்ல முடியாது, இரண்டில் எது பொய் என்று எனக்குத் தெரியாது. "வந்திருக்கணும்" என்றேன். அவள் அழவில்லை. ஒன்பது சதவீதம். "அவரு வாறாரா?" என்று கேட்டாள். "வாறாரு." "பிள்ளையக் கூட்டிட்டுப் போவாரா?" "ஆமா. நான்தான் சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொல்லச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும்." தேங்காய் உரிக்கிற சத்தம் மூன்று தடவை கேட்டது. இப்போது உள்ளே எழுந்து போய்விடுவாளோ, கதவைச் சாத்திக்கொள்வாளோ, கொலுசு கேட்கிறதா என்று காதை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். "சரி" என்றாள். "நல்லதுக்கா." அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "அவ சிவப்புச் சட்டைய எடுத்து வைக்கணும், அது இல்லாட்டி தூங்க மாட்டா, அவருக்குத் தெரியாது." மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "வந்துட்டேன் மதினி" என்று அவன் குரல் தூரத்தில் கேட்டது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் "அப்பா" என்ற ஒரு சின்னக் குரல். போன் அணைந்துபோயிற்று.

கீழே வந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு மேல் செந்தூர்பாண்டியிடமிருந்து செய்தி வந்தது: டாக்டர் எல்லாம் எழுதிக்கிட்டார் மதினி, நாளைக்குக் குழந்தைகள் நல ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்களாம், பாப்பா எங்க அக்கா வீட்டுல, தோசை சாப்பிடுதா. உலகம்மையப் பக்கத்து வீட்டு அத்தைகூட விட்டிருக்கேன். அவ ஒண்ணும் பேசல. நீங்க வாங்க. கெய்ரோவுக்குப் போகிற வேன் மூன்று மணிக்கு. பெட்டியில் என்ன எடுத்து வைத்தேன் என்று தெரியாமல் எடுத்து வைத்தேன். மேஜையில் விலா வரிசை அப்படியே கிடந்தது. படிவத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது, காயம் ஏற்பட்ட விதம் பற்றிய கருத்து என்று. பல காலத்தில், பலமுறை, வேண்டுமென்றே என்று எழுதினேன். யார் என்று எழுதக் கை போயிற்று, எழுதவில்லை. ஸஃபா வாசலில் வந்து நின்றாள். என் பெட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். குழுத் தலைவர் வரும்வரைகூட இல்லாமல் சீசன் நடுவில் யாராவது கிளம்பினால் அதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"அல்லா பொறுமையைத் தரட்டும்" என்று என் தோளைத் தொட்டாள். "உன் வீட்டில் யார் இறந்தது?"

"யாரும் இறக்கவில்லை" என்றேன். "அதனால்தான் போகிறேன்."